மொரிசியஸ், ரீயூனியன் வெள்ளைக்கண்ணிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவடிக்குக் கூடுகிற இடத்திலும், குடும்ப வாட்ஸ்அப் குழுக்களிலும், சென்னையிலிருந்து சுற்றுலா வருகிறவர்களிடமிருந்தும் இந்தச் சின்னக் குருவிகளைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். வரிசை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வேண்டியதை மட்டும் படித்துக்கொள்ளலாம்.

வெள்ளைக்கண்ணி என்றால் எந்தக் குருவி?

தமிழ்நாட்டுத் தோட்டங்களில் மஞ்சள் கலந்த பச்சை முதுகோடு, கண்ணைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு இழுத்ததுபோல் வெள்ளை வளையத்தோடு, கூட்டமாகக் கீச்சிட்டுக்கொண்டே மரம் மாறும் குருவிதான் வெள்ளைக்கண்ணி. அதன் பேரினத்துக்கு சோஸ்டெராப்ஸ் என்று பெயர். விகர்ஸ், ஹார்ஸ்ஃபீல்டு என்ற இரு பறவையியலாளர்கள் 1827-ல் இந்தப் பேரினத்தை வகுத்தார்கள். ஆப்பிரிக்காவில் தொடங்கி, இந்தியா, பர்மா, இந்தோனேசியா வழியாகப் பசிபிக் தீவுகள் வரைக்கும் ஏறத்தாழ நூறு இனங்கள் இதில் உண்டு. டர்பனில் இருக்கும் நம் உறவினர் வீட்டுக் கொல்லையில் வருவதும் இதே பேரினம்தான், இனம் வேறு.

எல்லாமே உருவத்தில் சிறியவை. நாக்கின் நுனி தூரிகைபோலப் பிரிந்திருக்கும், தேன் குடிக்க வசதியாக. பூச்சி, பழம், தேன் மூன்றையும் தின்னும். இந்த மூன்றில் எதை அதிகம் நம்பி வாழ்கிறது என்பதுதான் ஒவ்வொரு இனத்தின் பிழைப்பையும் முடிவு செய்கிறது. கீழே வரும் பல பதில்கள் அங்கேதான் போய் நிற்கும்.

நம் தீவுகளில் எத்தனை வகை இருக்கின்றன?

நான்கு. மொரிசியஸில் இரண்டு, ரீயூனியனில் இரண்டு. இந்த நான்கும் உலகில் வேறெங்கும் இல்லை.

மொரிசியஸில் எங்கும் பார்க்கக் கிடைப்பது சாம்பல் வெள்ளைக்கண்ணி. தீவின் பேச்சுமொழியான கிரியோலில் இதை ஸோஸோ மான்யோக் என்றும், அது போடும் சத்தத்தை வைத்துப் பிக்-பிக் என்றும் சொல்வோம். இன்னொன்று ஆலிவ் வெள்ளைக்கண்ணி, மூக்குக்கண்ணாடிக் குருவி என்ற பொருளில் ஸோஸோ லினெட். ரீயூனியனிலும் அதே ஜோடிதான்: சாம்பல் வகையை ஸ்வாஸோ ப்ளான் என்பார்கள், ஆலிவ் வகையை ஸ்வாஸோ வேர் என்பார்கள். ரீயூனியனின் ஆலிவ் வெள்ளைக்கண்ணிக்கு லின்னேயஸே 1766-ல் அறிவியல் பெயர் வைத்துவிட்டார். ஆனால் அதை மரமேறிக் குருவிகளோடு சேர்த்திருந்தார்.

எங்கள் வீட்டு லிச்சி மரத்துக்கு வரும் குருவிக்குக் கண்ணில் வெள்ளை வளையமே இல்லையே?

இருக்காது. இரு தீவுகளின் சாம்பல் இனங்களுக்கும் அந்த வளையம் கிடையாது. இந்தக் குடும்பத்தில் இது அபூர்வம், ஆனாலும் குடும்பம் இதேதான். மொரிசியஸில் வளையம் தெளிவாகத் தெரிந்தால் நீங்கள் பார்ப்பது ஆலிவ் வெள்ளைக்கண்ணி. வீட்டு லிச்சி மரத்தில் அது வந்து உட்காரும் வாய்ப்பு இல்லை என்றே சொல்லலாம்.

அப்புறம் எப்படி அடையாளம் காண்பது?

கண்ணைப் பார்க்காதீர்கள், அலகைப் பாருங்கள். சாம்பல் இனத்துக்குக் குட்டையான, நேரான அலகு. ஆலிவ் இனத்துக்கு நீளமாக, கீழ்நோக்கி லேசாக வளைந்த அலகு. பூக்குழாய்க்குள் விட்டு உறிஞ்சுவதற்கென்றே அமைந்தது. நிறத்தை மட்டும் நம்பினால் மழை மேகத்துக்குக் கீழே எல்லாம் ஒரே அழுக்குப் பச்சையாகத் தெரியும்.

பறந்துகொண்டிருக்கும்போது என்றால் இன்னும் சுலபம். சாம்பல் குருவி பறக்கும்போது வாலுக்கு மேலே ஒரு வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரியும். கூட்டமாக, பிக்-பிக்-பிக் என்று விடாமல் பேசிக்கொண்டே போகும். மரத்தில் இறங்கியதும் ஒன்றைக் கூர்ந்து பாருங்கள்: கிளை நுனியில் தலைகீழாகத் தொங்கி, ஒவ்வொரு இலையின் அடிப்புறத்தையும் கழுத்தை வளைத்து எட்டிப் பார்த்து, சிலந்தியையோ புழுவையோ கொத்தி எடுத்து, விழுங்குவதற்கு முன்பே அடுத்த இலைக்குத் தாவியிருக்கும். சாப்பாடு முடிந்ததும் இரண்டு மூன்று குருவிகள் ஒட்டி உட்கார்ந்து, ஒன்றின் கழுத்து இறகை மற்றொன்று கோதிவிடும். ஆலிவ் இனத்திடம் இந்தக் கூட்டுறவு குறைவு. அது பெரும்பாலும் ஜோடியாகவே திரியும்.

ஒரே தீவில் இரண்டு வெள்ளைக்கண்ணிகள் சண்டையில்லாமல் எப்படி வாழ்கின்றன?

சண்டை உண்டு. பூத்த மரம் ஒன்று கிடைத்துவிட்டால் ஆலிவ் குருவி அதைத் தன் சொத்தாக்கிக்கொண்டு, பக்கத்தில் வரும் சாம்பல் குருவியைத் துரத்தும். பூ முடிந்ததும் வேறு மரம் தேடிப் போய்விடும். அமெரிக்கப் பறவையியலாளர் ஃபிராங்க் கில் ரீயூனியனில் இந்த இரண்டையும் ஒப்பிட்டு ஆராய்ந்து 1971-ல் எழுதினார். ஆலிவ் இனம் தேனுக்கு, சாம்பல் இனம் கலந்த உணவுக்கு என்று பிரிந்திருப்பதுதான் இரண்டும் ஒரே காட்டில் இருக்க இடம் தருகிறது.

ரீயூனியனில் ஊருக்கு ஊர் குருவியின் நிறம் மாறுகிறதாமே, உண்மையா?

உண்மை. என்னைக் கேட்டால், இந்த நான்கு இனங்களிலும் உலகத்துக்குச் சொல்ல வேண்டிய கதை இதுதான்.

ரீயூனியன் மொத்தமே சுமார் 2,500 சதுர கி.மீ. பறவைக்கு இது ஒன்றுமே இல்லை, காலையில் கிளம்பினால் மாலைக்குள் கடந்துவிடலாம். இப்படிப்பட்ட சின்ன இடத்தில் ஓர் இனம் பல உருவங்களாகப் பிரியாது என்றுதான் நினைப்போம். ஆனால் அங்குள்ள சாம்பல் வெள்ளைக்கண்ணி பிரிந்திருக்கிறது. தாழ்வான பகுதிகளில் மூன்று பழுப்பு வடிவங்கள்: தலையும் பழுப்பாக இருப்பது ஒன்று, தலை சாம்பலாக இருப்பது ஒன்று, உச்சந்தலை சாம்பலாகவும் பிடரி பழுப்பாகவும் இருப்பது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வட்டாரம். மலைமேல், ஏறத்தாழ 1,400 மீட்டருக்கு மேலே போனால், முழுச் சாம்பல் வடிவமும் ஒரு பழுப்பு வடிவமும் ஒரே கூட்டத்தில் கலந்து திரிகின்றன, ஜோடியும் சேர்கின்றன.

தாழ்நிலத்து வடிவங்களுக்கு இடையிலான எல்லை எது என்று பார்த்தால், அகலமான ஆற்றுப் படுகைகளும் பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் எரிமலையின் குழம்பு ஓடிக் காய்ந்த வெளியும்தான். ஒரு கரையில் ஒரு நிறம், அக்கரையில் வேறு நிறம், நடுவில் சில கிலோமீட்டர் மட்டும் கலப்பு. அந்த ஆற்றைத் தாண்ட ஒரு நிமிடப் பறப்பு போதும், ஆனாலும் இவை பெரும்பாலும் தாண்டுவதில்லை. கில் 1970-களில் இந்த நிற வரைபடத்தைப் போட்டார். பிறகு வந்த பிரெஞ்சு, ஸ்பானிய ஆய்வாளர்கள் மரபணுவை எடுத்துப் பார்த்தபோது, வடிவங்களுக்கு இடையிலான வேறுபாடு ஆண்-பெண்ணைத் தீர்மானிக்கும் பால் குரோமோசோமில்தான் அதிகமாகக் குவிந்திருப்பது தெரிந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இதே பேரினம் கடல் தாண்டுவதில் கெட்டிக்காரப் பேரினம். ஆஸ்திரேலியாவின் வெள்ளைக்கண்ணி 1856-ல் தானாகவே கடல் கடந்து நியூசிலாந்து போய்க் குடியேறியது. அப்படிப்பட்ட வம்சம் ஒரு தீவுக்கு வந்து சேர்ந்ததும் ஆற்றைக்கூடத் தாண்டாத வீட்டுக்குருவியாகிவிடுகிறது. தாண்டும், பிறகு தங்கிவிடும், தங்கினால் மாறும். இத்தனை இனங்கள் உண்டானது இப்படித்தான் என்று பலர் கருதுகிறார்கள். கடந்த இருபது லட்சம் ஆண்டுகளுக்குள் இவ்வளவு வேகமாகப் பல இனங்களாகப் பெருகிய முதுகெலும்பிகள் உலகில் அதிகமில்லை.

மொரிசியஸ் சாம்பல் குருவியிலும் இப்படி நிற வேறுபாடு உண்டா?

இல்லை. தீவு முழுக்க ஒரே தோற்றம்தான். நம் தீவின் உச்சியே 828 மீட்டர். ரீயூனியனில் பித்தோன் தெ நேஜ் 3,000 மீட்டரைத் தாண்டும்.

இந்தக் குருவிகளால் காட்டுக்கு என்ன பயன்?

பழம் தின்று விதை பரப்புவது, பூச்சியைக் குறைப்பது எல்லாம் எல்லோரும் சொல்வதுதான். அதைவிடச் சுவையானது ஆர்கிட் சங்கதி. ஆங்ரேக்கம் என்ற ஆர்கிட் வகைகள் பொதுவாக இரவில் மணக்கும் வெள்ளைப் பூக்கள், நீண்ட தேன்குழல், விட்டில் பூச்சிக்காகக் காத்திருப்பவை. ரீயூனியனுக்கு வந்து சேர்ந்த சில ஆங்ரேக்கங்கள் மணத்தை விட்டுவிட்டு, குழலைக் குட்டையாக்கிக்கொண்டு, வெள்ளைக்கண்ணியை நம்பத் தொடங்கின. ஆங்ரேக்கம் ஸ்ட்ரியேட்டம் என்ற ஆர்கிட்டில் சாம்பல் வெள்ளைக்கண்ணி தேன் குடிக்கும்போது மகரந்தப் பொதி அதன் அலகில் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போவதை 2006-ல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். இந்த ஆர்கிட் கூட்டத்தில் பறவை மகரந்தம் கடத்துவது அதுவரை தெரியாத செய்தி. இதே தீவில் இன்னொரு ஆங்ரேக்கத்துக்கு அந்த வேலையைச் செய்வது ஒரு வெட்டுக்கிளி வகைப் பூச்சி, அதுவும் இரவில். அது வேறு கதை, விட்டுவிடுவோம்.

ஆலிவ் வெள்ளைக்கண்ணி ரீயூனியனில் தாராளமாக இருக்கிறது, மொரிசியஸில் மட்டும் ஏன் அழிகிறது?

நல்ல கேள்வி. ஏறத்தாழ ஒரே மாதிரி அலகு, ஒரே மாதிரிப் பழக்கம், நடுவில் சுமார் 200 கி.மீ. கடல். ஒன்று பயமில்லாத பட்டியலில் இருக்கிறது, மற்றொன்று மிக அருகிவிட்ட இனமாக, அதாவது அழிவுக்கு ஒரு படி முன்னால் நிற்கிறது.

முதல் காரணம் காடு. ரீயூனியன் செங்குத்தான இளம் எரிமலைத் தீவு. கரும்பு கடலோரச் சரிவோடு நின்றுவிட்டது. மேலே ஏர் ஓடாது, எனவே காடு பிழைத்தது. 2007-ல் தேசியப் பூங்கா அமைத்தபோது தீவில் ஐந்தில் இரண்டு பங்கு அதற்குள் வந்தது. ஆலிவ் குருவி பூ எங்கே இருக்கிறதோ அங்கே மலையில் ஏறியும் இறங்கியும் பிழைத்துக்கொள்ளலாம்.

மொரிசியஸ் தட்டையான பழைய தீவு. 19-ஆம் நூற்றாண்டில் கரும்புக்காகக் கிட்டத்தட்ட முழுவதும் திருத்தப்பட்டது. 1834-லிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் திருத்திய நிலத்தில் நம் தாத்தா பாட்டிகள் கல் பொறுக்கிப் போட்ட குவியல்கள் இன்னும் வயல்களில் நிற்கின்றன. அவர்களைக் குறை சொல்வதற்கு இதில் எதுவுமில்லை, வெட்டு என்று சொன்னவர்கள் வேறு. மிச்சமிருந்த மேட்டுநிலக் காட்டிலும் ஒரு பெரிய துண்டு 1970-களில் பைன் மரத் தோட்டத்துக்காகப் போனது. இன்று நல்ல நிலையிலுள்ள சொந்தக் காடு தீவின் பரப்பில் நூற்றுக்கு இரண்டு பங்குகூடத் தேறாது. அதற்குள்ளும் சீனக் கொய்யாவும் பிரிவெட் புதரும் புகுந்து, சொந்த மரங்களின் கன்றுகள் தலையெடுக்க முடியாமல் நெருக்குகின்றன. சாம்பல் குருவிக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. அது கரும்பு வரப்பிலும் கோவில் செம்பருத்தியிலும் சாப்பிடும். ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு பூ தேன் தர வேண்டும் என்று பிறந்த ஆலிவ் குருவிதான் மாட்டிக்கொண்டது. 1970-களின் நடுவில் சுமார் 350 ஜோடி என்று கணக்கிட்டார்கள். 2001 கணக்கெடுப்பில் 150 ஜோடிக்குள் வந்துவிட்டது.

குரங்குதான் முட்டையைத் தின்கிறது என்கிறார்களே?

குரங்கும் தின்கிறது. நண்டு தின்னும் குரங்கு என்ற ஆசிய வகை, ஆரம்பகாலக் கப்பல்காரர்கள் கொண்டுவந்து விட்டது. ரீயூனியன் காட்டில் குரங்கு இல்லை, அதுவும் ஒரு வித்தியாசம். ஆனால் கண்ணில் படுகிறது என்பதால் எல்லாப் பழியும் குரங்கின் மேல் விழுகிறது. முக்கிய எதிரி கருப்பு எலி. இரவில் மரம் ஏறி, கூட்டிலுள்ள முட்டையையும் குஞ்சையும் தின்றுவிட்டு இறங்கிவிடும். காட்டில் எலியை அடக்கிய பகுதிகளில் ஆலிவ் குருவியின் குஞ்சுகள் தப்புவது கூடியிருக்கிறது.

எலி என்ன செய்யும் என்று இந்தப் பேரினத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே லார்ட் ஹாவ் தீவில் 1918-ல் மகாம்போ என்ற கப்பல் தரைதட்டியது. அதிலிருந்து இறங்கிய எலிகளால் சில ஆண்டுகளில் அந்தத் தீவுக்கே உரிய ஒரு வெள்ளைக்கண்ணி இனம் பூண்டோடு ஒழிந்தது.

செம்மீசைச் சின்னானையும் சேர்க்க வேண்டும், நாம் கோண்டே என்று கூப்பிடும் கொண்டைக்குருவிதான். 1892-ல் மொரிசியஸுக்கு வந்தது. பழத்துக்கும் இடத்துக்கும் போட்டி. ரீயூனியனுக்கு 1972-ல் போய்ச் சேர்ந்து, அங்கே மேர்ல் மொரிஸ் என்று நம் தீவின் பெயரைச் சுமந்துகொண்டு திரிகிறது. நமக்குப் பெருமை என்று சொல்ல முடியாது.

ஆலிவ் குருவியை ஈல் ஓ எக்ரெத் தீவில் விட்டார்களே, அது பலித்ததா?

பலித்தது, ஒரு நிபந்தனையோடு. மாயேபூருக்குப் பக்கத்தில் 26 எக்டேர் பரப்புள்ள பவளப்பாறைத் தீவு அது. எலிகளை ஏற்கெனவே ஒழித்தாகிவிட்டது, குரங்கு இல்லை. மொரிசியன் வைல்ட்லைஃப் ஃபவுண்டேஷன் காட்டுக் கூடுகளிலிருந்து முட்டைகளையும் குஞ்சுகளையும் எடுத்து, கையால் வளர்த்து, 2006 முதல் 2010 வரை அங்கே கொண்டுபோய் விட்டது. குருவிகள் கூடு கட்டின, குஞ்சு பொரித்தன. ஆனால் சின்னத் தீவில் தேன் போதாது, எனவே கிண்ணங்களில் செயற்கைத் தேனும் பழக்கூழும் தொடர்ந்து வைக்க வேண்டியிருக்கிறது. கையை எடுத்தால் என்ன ஆகும் என்ற கவலை நியாயமானது.

2020-ல் வகாஷியோ கப்பல் பாறையில் மோதி எண்ணெய் கசிந்தபோது, கறுப்புப் படலம் வந்து சேர்ந்தது இந்தத் தீவின் கரைக்குத்தான். ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைத்திருந்தால் ஆபத்து என்று சில ஆலிவ் குருவிகளையும் ஃபோடி என்ற இன்னொரு சொந்தக் குருவியினத்தில் சிலவற்றையும் பிடித்து மொரிசியஸ் கரைக்குக் கொண்டுவந்து பாதுகாத்தார்கள். அவற்றில் சில பிறகு ஜெர்சி தீவின் விலங்குக் காப்பகம் வரை போயின.

எங்கே போனால் பார்க்கலாம்?

சாம்பல் குருவிக்கு எங்கும் போக வேண்டாம். ரோஸ் ஹில்லோ, காத்ர் போர்னோ, மரம் இருக்கும் வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்கள்.

மொரிசியஸ் ஆலிவுக்கு நிச்சயமான இடம் ஈல் ஓ எக்ரெத். புவான்த் ஜெரோமிலிருந்து படகு, சில நிமிடம்தான். வழிகாட்டியோடு மட்டுமே போகலாம், முன்பதிவு செய்துவிடுங்கள். காட்டில் பார்க்க வேண்டுமென்றால் பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவின் தெற்கு ஓரம், பசேன் பிளான் ஏரிப் பக்கம். மழை, வழுக்கல், பல மணிநேரக் காத்திருப்பு எல்லாம் உண்டு, குருவி வராமலும் போகலாம்.

ரீயூனியனில் சேன் தெனிக்கு மேலே ரோஷ் எக்ரித் போகும் பாதையிலோ, பெபூர் காட்டிலோ காலையில் நடந்தால் இரண்டு இனத்தையும் சேர்த்தே பார்த்துவிடலாம். ஆலிவின் நெற்றி கறுப்பு, அதன் மேல் வெள்ளை வளையம் எடுப்பாகத் தெரியும். ஒன்பது மணிக்கு மேல் மேகம் இறங்கிவிடும், சீக்கிரம் கிளம்புங்கள்.

வாசலில் சர்க்கரைத் தண்ணீர் வைக்கலாமா?

வைத்தால் வருவது சாம்பல் குருவியும் கோண்டேயும். இரண்டுக்கும் பஞ்சமில்லை. சரி, பார்க்க ஆசை என்றால், கிண்ணத்தைத் தினமும் கழுவுங்கள், புளித்த தண்ணீரில் நோய் பரவும். அதைவிட ஒரு செம்பருத்தியோ பாட்டில்பிரஷ் மரமோ வைப்பது மேல். இரவில் சோறு, பழத்தோல் வெளியே கிடந்தால் எலிதான் கொழுக்கும்.

கூண்டில் வளர்க்கலாமா?

கூடாது. சொந்தப் பறவைகளைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் சட்டப்படி குற்றம்.

தோட்டத்தில் கூடு கட்டியிருக்கிறது, என்ன செய்வது?

எதுவும் செய்யாதீர்கள். கிளைக் கவட்டில் நாரும் சிலந்தி வலையும் சேர்த்துப் பின்னிய சின்னக் கிண்ணம், உள்ளே இரண்டு மூன்று வெளிர்நீல முட்டைகள். அடைகாப்பது பதினோரு நாள் அளவில்தான், குஞ்சுகளும் சீக்கிரமே பறந்துவிடும். அதுவரை அந்தக் கிளையைக் கவாத்து செய்யாமல் விட்டால் போதும். படம் எடுக்க இலையை விலக்கிவிடாதீர்கள், அந்த இலைதான் காக்கையினமோ மைனாவோ பார்க்காமல் மறைக்கிறது.

ரொட்ரிக்ஸ் தீவில்?

வெள்ளைக்கண்ணி இல்லை. அங்கே மிஞ்சியிருக்கும் சொந்த நிலப்பறவைகள் இரண்டே: ஒரு ஃபோடி, ஒரு கதிர்க்குருவி.

சீனக் கொய்யா பறிக்கப் போகிறோம். குருவிக்குத் தொந்தரவா?

பிளேன் ஷாம்பாஞ் பக்கம் குடும்பத்தோடு போய், உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்றுவிட்டு, பை நிறையக் கொண்டுவருவதில் தப்பே இல்லை. கொய்யா எவ்வளவு குறைகிறதோ நல்லது. பாதையை விட்டு உள்ளே இறங்காதீர்கள், மீந்த பழத்தையும் சாப்பாட்டுப் பொட்டலத்தையும் அங்கே கொட்டாதீர்கள். திரும்பும்போது செருப்பு, ஷூ அடியில் ஒட்டிய சேற்றை அங்கேயே தட்டிவிட்டு வாருங்கள். அதில்தான் விதை அடுத்த இடத்துக்குப் போகிறது. காட்டுத்துறை ஆட்கள் வேலி போட்டுக் களை எடுத்துவைத்திருக்கும் துண்டுகள் வழியில் வரும். அவற்றுக்குள் மட்டும் பழம் தேடிப் போக வேண்டாம், அங்கே கொய்யா இருக்கவும் இருக்காது.